சொந்தக்காரர்கள் போட்ட ஐந்து நட்சத்திரம்

நர்ஸக்கா வேனின் பின்சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலைச் சீட்டில் ஊன்றி, உறையின் ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமூலையை இரண்டு கையாலும் இழுத்தால்தான் அது வழிக்கு வரும்.

உண்மையில் அவள் நர்ஸ் அல்ல. இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடந்தவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுத்தவள். இடுப்பு மக்கர் செய்ததும் அண்ணனின் சுற்றுலாத் தொழிலுக்கு வந்துவிட்டாள். பட்டப்பெயரும் கூடவே வந்துவிட்டது.

அண்ணனிடம் இரண்டு வேன்கள். பெரியதை அவரே ஓட்டினார். சின்னதை ஓட்டுபவர் ஆறடிக்கு மேல் உயரம். எல்லோருக்கும் அவர் சின்ன டிரைவர். ஏரி, அருவி என்று ஆட்களை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவார்கள். ஆள் பிடிப்பது நர்ஸக்காவின் பொறுப்பு. இணையத்தில் பக்கம் நடத்துவது, படம் போடுவது, வாட்ஸப்பில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள்தான்.

மூன்று மாதமாகச் சின்ன வேனுக்குச் சவாரி இல்லை. வெள்ளிக்கிழமை அதை விலைக்குப் பார்க்க ஒருவர் வருவதாக இருந்தது. வேன் போனால் சின்ன டிரைவரும் போகவேண்டியதுதான். ஒற்றை வேனுக்குப் பக்கம் நடத்த ஒரு ஆள் எதற்கு என்று அண்ணியும் ஜாடையாகக் கேட்டாயிற்று. மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை. ஓய்வுபெற்றோர் சங்கம் ஒன்று, பதினெட்டுப் பேர், மூன்று நாள் பயணம் கேட்டிருந்தது. வந்தால் இரண்டு வேனும் ஓடும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சங்கத்தின் செயலாளரம்மா அழைத்தபோது உறையின் மூலை இன்னும் நர்ஸக்காவின் வாயில் இருந்தது. துப்பிவிட்டு எடுத்தாள்.

"உங்க பேஜைப் பார்த்தேன்மா. நேத்து ஒரே மத்தியானத்துல பதினோரு பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்களே?"

நர்ஸக்காவுக்கே அது புதுச்செய்தி.

"ஒருத்தர், 'நான் தூக்கி வளர்த்த பிள்ளை, தங்கமான பையன்'னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் படகு சவாரி பிரமாதம்ங்கிறார். படகு இருக்கா?"

"இல்லைங்கம்மா."

"அப்போ கீழே ஒருத்தர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்காரே, அது மட்டும்தான் நிஜமா?"

நர்ஸக்கா உறையைக் கீழே வைத்தாள். "ஆமாங்கம்மா. அது நிஜம்."

"எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி போச்சு. வியாழக்கிழமை சாயந்திரம் கூட்டம். அதுக்குள்ள எனக்கு நம்புற மாதிரி ஏதாவது காட்டுங்க."

அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டவர் போன வாரம் தன் அம்மாவோடு வந்தவர். அம்மாவால் அருவிக்கு இறங்க முடியவில்லை. மூன்று மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். 'எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று போட்டிருந்தீர்களே' என்று மகன் கேட்டிருந்தார். அந்த வரியைப் பெரிய நிறுவனம் ஒன்றின் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதியவள் நர்ஸக்கா. இருபத்திரண்டு வருஷத்தில், தான் உட்கார்ந்து பார்க்காத நாற்காலியில் ஒரு நோயாளியை அவள் உட்காரவைத்ததில்லை. இங்கே, தான் இறங்கிப் பார்க்காத படிக்கட்டுக்கு ஊரையே அழைத்திருந்தாள்.

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பார்த்தியா? அந்த ஒத்த நட்சத்திரம் கண்ணை உறுத்துச்சு. குடும்ப குரூப்புல ஒரு வார்த்தைதான் சொன்னேன். நம்ம ஆளுங்க ஒத்துமையைப் பாரு!"

"நல்லாப் பார்த்தேண்ணா. சங்கத்துக்காரங்களும் பார்த்துட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிப்பு வடிந்துவிட்டது.

மத்தியானம் முழுக்க அவள் உறவினர்களை அழைத்தாள். எட்டுப் பேர் முறுக்கிக்கொண்டே அழித்தார்கள். இரண்டு பேருக்கு எப்படிப் போட்டோம் என்பதே மறந்துபோயிருந்தது. நட்சத்திரம் மட்டும்தான், எழுத்து இல்லை என்பதால் விட்டுவிட்டாள். படகு மாமாதான் மசியவில்லை.

"ஏரின்னா படகு இல்லாமலா இருக்கும்?"

"நீங்க அந்த ஏரிக்கு வந்ததே இல்லையே மாமா."

"அதனாலதான் பொதுவா எழுதினேன். உங்களுக்கு நல்லது பண்ணினா நான் கெட்டவனா? அழிக்கமாட்டேன், போ."

சரி என்று வைத்துவிட்டு, மாமாவின் புகழுரைக்குக் கீழேயே பதில் எழுதினாள்: 'இதை எழுதியவர் எங்கள் மாமா. படகு கிடையாது.'

மறுநாள் சின்ன டிரைவரைக் கிளப்பிக்கொண்டு அருவிக்குப் போனாள். கையில் இஞ்ச் டேப். நூற்றுப் பன்னிரண்டு படிகள். நாற்பதாவது படிக்குப் பிறகு கைப்பிடி இல்லை. உட்கார மூன்று இடங்களில் பெஞ்சு. ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது. கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்தாள். உள்ளே போன சின்ன டிரைவர் நெற்றியைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

"உயரமானவங்க குனியணும்னும் போடுங்கக்கா."

"போடுறேன். ரத்தம் வருதா?"

"இல்ல."

"அப்போ அந்தக் கதவைப் பிடிச்சுக்கங்க, படம் எடுக்கணும்."

ஏரியில் வேறு கதை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை சமதளம். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். இத்தனை நாள் அதை ஒரு வரி எழுதவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அன்று மாலையே பக்கத்தில் போட்டாள். பழைய வரியை எடுத்துவிட்டாள். ஒற்றை நட்சத்திரக்காரருக்கு எழுதினாள்: 'உங்கள் அம்மா வண்டியிலேயே இருக்க நேர்ந்தது எங்கள் தவறு. அந்த வரியை எழுதியவள் நான். அருவிக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். அன்று நான் எண்ணியிருக்கவில்லை. இன்று எண்ணினேன்.'

அண்ணன் போனைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "டூர் பேஜ்ல கக்கூஸ் படமா! இதைப் பார்த்துட்டு யாரு வருவா?"

"முட்டி வலிக்கிறவங்க வருவாங்க. அவங்க முதல்ல தேடுறதே அதைத்தான்."

"நாளன்னிக்கு வேனைப் பார்க்க ஆள் வருது. ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்கு மறக்குமா?"

வியாழக்கிழமை சாயந்திரம் போன் வந்தது. அண்ணன் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க எழுதினதைக் கூட்டத்துல வாசிச்சேன்மா. 'எழுதியவர் எங்கள் மாமா'ன்னதும் சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. நூத்துப் பன்னிரண்டு படின்னதும் நாலு பேர் வரலைன்னு நின்னுட்டாங்க. பதினாலு பேர் வர்றோம். இறங்க முடியாதவங்களுக்கு அந்த நேரத்துல ஏரி. முடியுமா?"

"சின்ன வேன் ஏரிக்குப் போகும்மா. பெரிசு அருவிக்கு."

போனை வைத்ததும் அண்ணன் விரல் விட்டு எண்ணினார். பெரிய வேனில் பன்னிரண்டு இருக்கைகள். "ரெண்டு பேருக்காக இன்னொரு வண்டியா?"

"ஏரிக்குப் போறவங்க எதுல போவாங்க? ஏழும் ஏழுமா உட்காரட்டும். காலை நீட்டிக்கலாம். இறங்கும்போது முட்டி பிடிக்காது."

அவர் மறுபடியும் விரல் விட்டு எண்ணினார். ஒற்றை நட்சத்திரக்காரர் பதில் எழுதவில்லை, நட்சத்திரமும் ஏறவில்லை. அது அவர் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன், வேன் வாங்க வரவிருந்தவரை அழைத்து, இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, இப்போது வரவேண்டாம், வண்டி ஓடுகிறது என்று சொன்னார். சின்ன டிரைவர் ஆயில் மாற்றக் கிளம்பினார். நர்ஸக்கா செயலாளரம்மா அனுப்பிய பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, முதல் எண்ணிலிருந்து ஒவ்வொருவராக அழைத்தாள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தவேண்டும், எந்தக் கால் வலிக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பதினாலு பேரும் முடிந்ததும், பின்வாங்கிய நாலு பேரின் எண்களையும் கேட்டு வாங்கி, அவர்களையும் அழைத்தாள்.