டோரீனின் மூக்கு

காலையில் பிரெட்டின் உறையைப் பிரித்ததும் கில்பர்ட் முதல் துண்டை எடுத்து மனைவியின் மூக்கருகே நீட்டுவார். டோரீன் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "நல்லாருக்குங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் வெண்ணெய்க் கத்தியைத் தொடுவார். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் வீட்டில் கொரோனா வந்துபோன கொஞ்ச காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

அந்தக் காய்ச்சல் கில்பர்ட்டின் மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த பிரெட்டை டோஸ்ட் போட்டுத் தின்று, வயிறு கலங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பெனி ஸ்டோரில் காலமெல்லாம் சரக்கைச் சோதித்து வாங்கியவருக்கு, ஒரு ரொட்டியிடம் ஏமாந்தது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து மனைவியின் மூக்குதான் அவருக்கு இன்ஸ்பெக்டர்.

அந்த இன்ஸ்பெக்டருக்கும் வேலை போய்விட்டது என்பது டோரீனுக்கு மட்டுமே தெரியும். அதே காய்ச்சலில் அவளுக்கும் வாசனை நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர், "உனக்காவது வருதில்ல?" என்று கேட்டபோது, பயந்து கிடக்கிற மனுஷனிடம் வருகிறது என்று சொல்லிவிட்டாள். சொன்னதைக் காப்பாற்ற விரலையும் கண்ணையும் பழக்கிக்கொண்டாள். பேக்கரியிலிருந்து சூடாக வாங்கிவந்த ரொட்டியை ஆறவிட்டுத்தான் உறைக்குள் போடுவாள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகும் என்பதால், இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்து மீதியை ஃப்ரீசருக்குள் தள்ளுவாள். அவர் எழுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரலால் அமுக்கி, குழி எழும்புகிறதா என்று பார்ப்பாள். மூக்கருகே வரும்போது சோதனை எப்போதோ முடிந்திருக்கும்.

இதனால் ஒரு காலைகூட அவளால் வெளியூரில் இருக்க முடியவில்லை. ஓசூரில் அக்கா அன்னா வீட்டுக்குப் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். இந்த வருஷம் சர்ச்சிலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் போகிறது என்றதும் மனசு கேட்கவில்லை. கடலைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! பஸ் ஏற்பாடு செய்யும் யூஜினிடம் ஓர் இடம் சொல்லிவைத்தாள்.

"அண்ணனுக்கு உங்க மூக்க பார்சல் கட்டி வெச்சிட்டு வாங்கக்கா" என்றான் அவன்.

அந்த வாரம் முழுக்க ரொட்டியைப் பார்த்தும் அமுக்கியும் சோதிக்க அவள் கில்பர்ட்டைப் பழக்கினாள். பழைய துண்டையும் புதுத் துண்டையும் கலந்து வைத்தாள். அவர் தப்பில்லாமல் பிரித்தார். அடிப்பக்கத்தில் ஒளிந்திருந்த புள்ளியைக்கூடக் கண்டுபிடித்தார். எல்லாம் செய்துவிட்டுத் துண்டை அவள் முகத்துக்கு நீட்டினார். "எல்லாம் சரி. நீ மோந்து சொன்னாதான் தொண்டைல எறங்குது."

மறுநாள் பஸ். டோரீன் அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கும் வாசனை வராதுங்க. உங்களுக்குப் போனப்பவே போச்சு. இத்தன நாளும் வெரலாலதான் பாத்தேன்."

கத்துவார் என்று காத்திருந்தாள். கில்பர்ட் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார். எழுந்துபோய் சிலிண்டரை மூடினார்.

"கேஸ் லீக் ஆனா? வீட்ல ஒரு மூக்காவது இருக்குன்னு நம்பித்தானே தூங்கினேன்."

இவ்வளவு காலமும் பிரெட்டைப் பற்றியே யோசித்த டோரீனுக்கு இது தோன்றியதே இல்லை. அலாரம் ஒன்று வாங்கி மாட்டலாம் என்றாள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டார். பேட்டரியில் ஓடுவதும் இருக்கிறது என்றாள். பேட்டரி தீர்ந்தால் யார் பார்ப்பது என்றார்.

"நீ போயிட்டு வாம்மா" என்றார் கடைசியில். "நான் வெளிய வராண்டால படுத்துக்கறேன்."

போகாதே என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். யூஜினுக்கு போன் செய்து, இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள்.

பஸ் புறப்பட்டுப் போன மறுநாள் காலையில் கில்பர்ட் தானே உறையைப் பிரித்து, துண்டை வெளிச்சத்தில் திருப்பி, அமுக்கிப் பார்த்து, வெண்ணெய் தடவித் தின்றார். அவள் பக்கம் நீட்டவேயில்லை. இன்னொரு துண்டையும் அதேபோல் சோதித்து அவள் தட்டில் வைத்தார்.

"நல்லாருக்கு, சாப்பிடு."

சுவரில் புது அலாரத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் ஹாலிலிருந்து நாற்காலியைச் சமையலறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார். பக்கத்தில் அவளுக்கும் ஒன்று.