வெள்ளிக்கிழமை ஏழரை மணி

நெடுஞ்சாலையோர டங்கரா ரோடுஹவுஸுக்குக் கிளெனிஸ் டக்வெல் மூன்று வாரத்துக்கு என்றுதான் வந்தாள். அங்கிருந்த சமையல்காரிக்குக் கை ஒடிந்திருந்தது. கை கூடி, அவள் கல்யாணமும் செய்துகொண்டு டாஸ்மேனியாவுக்குப் போய்விட்டாள். கிளெனிஸுக்கு மட்டும் அந்த மூன்று வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. தலை பாதி நரைத்துவிட்டது.

நல்லர்பார் சமவெளியில் மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பெட்ரோல் பம்பு, சாப்பாட்டுக் கூடம், பின்னால் தங்கும் அறைகள், கூரையில் ஒரு டிஷ். அவ்வளவுதான் டங்கரா. மூன்று பெட்டி இழுக்கும் பெரிய லாரிகள் பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் நடுவே அங்கே நின்று போகும். ஓட்டுநர்கள் இறங்கும்போதே மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள், கிளெனிஸ் அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள் என்று.

அவள் போர்ட் லிங்கனில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். இறால் படகில் சமைத்தாள், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமைத்தாள். கணவன் என்று ஒருவனும் இருந்தான். அவனைப் பற்றிக் கேட்டால், "நல்லாத் தூங்குவான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை, வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு வரும் ஒரு தொடர். ஒரு துறைமுக ஊர், மூன்று அக்கா தங்கைகள், அப்பா விட்டுப்போன படகு. மூத்தவள் கொரின். படகை விற்றுத் தின்னப் பார்க்கும் தங்கை புருஷன் ஃபெலிக்ஸ். "வலையை இப்படியா இழுப்பாங்க? முட்டாப் பசங்க!" என்று திட்டிக்கொண்டே பார்ப்பாள். ஆனால் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

ராத்திரி அடுப்பைப் பார்த்துக்கொண்ட இன்னொரு சமையல்காரன் வேலையை விட்டுப் போனதும் வெள்ளிக்கிழமை ராத்திரியும் அவள் தலையில் விழுந்தது. ஏழரை மணிக்கு அவள் அடுப்பு முன்னால் நிற்க, கூடத்து டிவியில் ஃபுட்டி என்கிற உள்ளூர்க் கால்பந்து ஆட்டம் ஓடியது.

அந்தச் சமயம் பார்த்துக் குதிரைப் பந்தய விழாக் குலுக்கலில் அவளுக்கு ஒரு பதிவுப் பெட்டி விழுந்தது. நேரம் சொல்லி வைத்தால் டிவி நிகழ்ச்சியை அதுவே பதிந்து வைத்துக்கொள்ளும். பெட்டியின் பின்னால் டிஷ் கேபிள் செருக இரண்டு துளைகள் இருந்தன. டங்கராவில் இருந்ததோ ஒரே கேபிள். முன்பு இரண்டு இருந்தனவாம். ஒன்றைக் காக்கட்டூக் கிளிகள் கொறித்துத் தின்றுவிட, முதலாளி டிரெவர் ஹாஸ்க் அதை மாற்றவே இல்லை.

"ஒண்ணு போதும் கிளெனிஸ், படம் வருதில்ல?" என்றான் டிரெவர்.

அவளும் போதும் என்றே நினைத்தாள். அந்த ஒற்றைக் கேபிளைப் பெட்டியில் செருகி, பெட்டியிலிருந்து இன்னொரு துண்டுக் கேபிளைக் கூடத்து டிவிக்கு இழுத்தாள். எல்லாச் சேனலும் பளிச்சென்று வந்தன. வெள்ளிக்கிழமை ஏழரைக்கு நேரம் குறித்துவிட்டு, நிம்மதியாக உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஆட்டம் கடைசிக் கால் பகுதி. இரண்டு அணியும் சமம். நடுவில் லாரி ஓட்டுநர் டுவேன் பிக்கர்ஸ்கில் உட்கார்ந்திருந்தான். ஆள் குளிர்சாதனப் பெட்டி அளவு இருப்பான், சட்டென்று கண் கலங்கிவிடுவான். அவன் அணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது. கம்பத்தை நோக்கி உதைத்தது. பந்து காற்றில் இருந்தபோது திரை கறுப்பாகிவிட்டது.

 கூடத்தில் எழுந்த கூச்சலில் கிளெனிஸ் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"எவன்டா ரிமோட்டுல உக்காந்தவன்?"

"டிரெவர்! உன் டிஷ் செத்துப்போச்சுய்யா!"

ஒருவன் ரிமோட்டை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினான். ஆட்டச் சேனல் வரவில்லை. ஆனால் சமையல் நிகழ்ச்சி வந்தது. ஆட்டுச் சந்தைச் செய்தி வந்தது. அடுத்த அமுக்கில் கடற்கரையும் ஒரு படகும் வந்தன. அலங்காரம் செய்துகொண்ட கொரின் அதில் நின்றுகொண்டிருந்தாள்.

கிளெனிஸுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஒரு கேபிளில் ஒரே சமயம் பாதிச் சேனல்கள்தான் இறங்கும். கேபிளில் முதலில் நிற்கும் பெட்டி எந்தப் பாதியைக் கேட்கிறதோ அந்தப் பாதிதான் எல்லாருக்கும். அவள் தொடர் ஒரு பாதியில் இருந்தது, ஃபுட்டி மறு பாதியில்.

மாவுக் கையோடு கூடத்துக்கு வந்தாள். "கத்தாதீங்கடா. டிஷ் நல்லாத்தான் இருக்கு. என் பெட்டி என் நாடகத்தைப் பதியுது."

"நாடகமா!" டுவேன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "கிளெனிஸ், கண்ணு, என் தங்கமே, பந்து காத்துல இருக்கு!"

அவள் திரையைப் பார்த்தாள். ஃபெலிக்ஸ் படகுத்துறையில் ஏறி வந்துகொண்டிருந்தான். இன்றுதான் இரண்டு பேரும் நேருக்கு நேர் சந்திக்கப் போகிறார்கள். மூன்று மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். டுவேனையும் பார்த்தாள். அந்த மலை மாதிரி ஆளின் உதடு நடுங்கியது.

"தொலைங்க" என்று பெட்டியை நிறுத்தினாள்.

டுவேனின் அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது. ஆட்கள் மேசை மேல் ஏறி ஆடினார்கள். கிளெனிஸ் அடுப்படிக்குப் போய்க் கறித்துண்டுகளை வேண்டியதற்கு மேலேயே ஓங்கி ஓங்கித் தட்டினாள். டுவேன் மெல்ல வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"கோவமா?"

"வேலையைப் பாருடா."

"ஞாயித்துக்கிழமை இங்க வராத பெர்த் சேனல்ல அதை மறுபடி போடுவான்ல? நான் அன்னிக்கு பெர்த்ல மோட்டல்லதான் இருப்பேன். ஒரு வரி விடாமப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீயா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

சொன்னது போலவே வந்தான். சமையலறை அலமாரியில் லாரிகளோடு பேச ஒரு ரேடியோ உண்டு. ஓட்டுநர்கள் கிட்டத்தில் வந்ததும் அதில்தான் சாப்பாடு சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அது கரகரத்தது.

"டங்கரா, டுவேன் பேசறேன். ஒரு ஸ்டேக், ரெண்டு முட்டை. அப்புறம், கொரின் துறையில நிக்கறா. காத்துன்னா காத்து, அப்படியொரு காத்து."

கிளெனிஸ் அடுப்பைத் தணித்தாள். "சொல்லு."

"ஃபெலிக்ஸ் சிரிச்சுக்கிட்டே வர்றான். 'கையெழுத்துப் போடு கொரின்'ங்கறான். இவ ஒண்ணும் பேசல. விட்டா பாரு ஒரு அறை!"

"அறைஞ்சாளா!"

"கடல் வரைக்கும் கேட்டுது. அவன் பின்னாடியே போய்த் தண்ணியில தொபுக்கடீர்னு விழுந்தான். நீச்சல் தெரியாதில்ல? அங்கதான் நாய் குதிக்குது."

"எந்த நாய்?"

"கொரினோட நாய்ம்மா. கறுப்பு நாய்."

ரேடியோவில் இன்னொரு ஓட்டுநரின் குரல் குறுக்கே விழுந்தது. "டுவேன், நான் எதிர்ல போய்க்கிட்டிருக்கேன், ரேடியோ எட்டாமப் போயிடும்! நாய் பொழைச்சுதா இல்லையா? சீக்கிரம் சொல்லுய்யா!"

அடுத்த வாரம் டுவேன் ஊரிலிருந்து கேபிளை இரண்டாகப் பிரிக்கும் சின்ன உலோகத் துண்டு ஒன்று வாங்கி வந்தான். மாட்டினார்கள். பதிவுப் பெட்டியும் டிவியும் ஆளுக்கொரு பாதியைக் கேட்டு மல்லுக்கட்டியதில் இரண்டிலும் படம் வரவில்லை. டிரெவர் அதைப் பிடுங்கிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். அதன்பின் ஒரே ஏற்பாடுதான். வெள்ளிக்கிழமைக் கேபிள் ஃபுட்டிக்கு. செவ்வாய்க்கிழமை ரேடியோ கிளெனிஸுக்கு. அந்த நேரத்தில் சாலையில் போகும் லாரிகள் வேகம் குறைவதாக டிரெவர் சொன்னான். டுவேன் சொல்லச் சொல்ல நாய்க்குக் காலில் அடிபட்டது, தேறியது, குட்டி போட்டது. கிளெனிஸ் அந்த நாயை நினைத்துப் பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

ஃபுட்டிப் பருவம் முடிந்த பிறகு ஒருவழியாக டிஷ்காரன் வந்தான். டிஷ்ஷின் அலை வாங்கும் மூக்கை மாற்றி, இரண்டாவது கேபிளைக் கிளி கொத்த முடியாத இரும்புக் குழாயில் இறக்கினான். இப்போது பெட்டியின் இரண்டு துளைகளும் நிறைந்தன. கோடையில் தொடரை முதலிலிருந்து மறுபடி போட்டபோது, கிளெனிஸ் ஒன்றுவிடாமல் பதிந்தாள். ஒரு சாயங்காலம் விடுப்பு எடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து, அந்தத் துறைக் காட்சியைப் பார்த்தாள்.

கொரின் நின்றாள். ஃபெலிக்ஸ் வந்தான். கொரின் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவுதான். அறையும் இல்லை, தொபுக்கடீரும் இல்லை. கிளெனிஸ் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். முன்னால் ஓட்டிப் பார்த்தாள். தொடர் முழுக்க ஒரு நாயின் வால்கூடத் தென்படவில்லை.

செவ்வாய்க்கிழமை ரேடியோ கரகரத்தது. "டங்கரா, டுவேன். ஒரு ஸ்டேக்..."

"ஸ்டேக் இருக்கட்டும். நாய் எங்கடா?"

ரேடியோவில் டுவேன் தொண்டையைச் செருமினான்.

"டுவேன் பிக்கர்ஸ்கில்! உன்னைத்தான். குட்டி போட்ட நாய் எங்க?"

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"தூங்கிட்டேன் கிளெனிஸ்" என்றது அந்தப் பெரிய உடம்பிலிருந்து வந்த சின்னக் குரல். "அந்த மோட்டல் கட்டில் மெத்துன்னு இருக்கும். பாட்டு போட்டதும் கண்ணு சொருகிடும். எந்திரிச்சா முடிஞ்சிருக்கும். உன்கிட்ட சத்தியம் வேற பண்ணிட்டேனா..."

"எல்லா வாரமுமா?"

"ஒரு வாரம் பாதி பாத்தேன்."

"நாயே இல்லையா?" என்றது எங்கிருந்தோ இன்னொரு லாரி. "என் பொண்டாட்டிகிட்ட அந்தக் குட்டிங்களுக்குப் பேர் வச்சுச் சொல்லியிருக்கேனேடா, பாவி!"

கிளெனிஸ் ஒலிவாங்கியை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடத்திலிருந்து டிரெவர் ஓடிவந்து என்னவோ ஏதோ என்று பார்த்தான். வாணலியில் வெங்காயம் கருகியது.

டுவேன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது அவள் திட்டவில்லை. கூடத்து டிவியில் அந்தப் பகுதியைப் போட்டு, அவனைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தாள். கண் சொருகினால் குத்துவதற்கு இறைச்சி இடுக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட வந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். டுவேன் கடைசி வரை விழித்திருந்தான். கொரின் ஒன்றும் பேசாமல் நடந்து போனபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அறைஞ்சிருக்கணும்" என்றான்.

"அறைஞ்சிருக்கணும்தான்" என்றாள் கிளெனிஸ்.

"அடுத்ததைப் போடு" என்றது பின் மேசையிலிருந்து ஒரு குரல்.

அவள் அடுத்ததைப் போட்டுவிட்டு, ஸ்டேக் கேட்டவர்களை எண்ணிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.