மூக்கு போன பிறகு குடித்த தேநீர்

எனக்கு மூக்கு போய்விட்டதைப் பெருங்காய டப்பாதான் சொன்னது. காய்ச்சல் விட்டு நான்காம் நாள், ரசம் தாளிக்க டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காலியாகிவிட்டதோ என்று உள்ளே பார்த்தேன், கால்வாசி இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இழுத்தேன். தூள் ஏறித் தும்மல் வந்ததே தவிர வாசம் வரவில்லை. அதற்குள் அடுப்பில் கடுகு கருகியிருந்தது. அதையும் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் கொஞ்ச நாள் சாப்பாடு ருசிக்காது, அவ்வளவுதான். நான் தேயிலை ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். கோயமுத்தூரில் ஒரு தேயிலை ஏல நிறுவனத்தில் பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஏலத்துக்கு வரும் எந்த லாட், அதாவது எந்த மூட்டைத் தொகுதி, எந்தத் தரம் என்று நாங்கள் எழுதுவதை வைத்துத்தான் விற்பவரும் வாங்குபவரும் பேச்சைத் தொடங்குவார்கள். இந்த வேலைக்காக வேலை நாளில் நான் தலையில் மல்லிகை வைத்ததில்லை. பச்சை வெங்காயம் தொட்டதில்லை. இவ்வளவு பத்தியம் காத்த மூக்கு, ஒரு காய்ச்சலுக்குக் கழன்றுகொண்டது.

வீட்டுக்குத் தெரியாமல் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "வரலாம்மா, வராமயும் போகலாம். பொறுத்துப் பாருங்க," என்றார். இதைச் சொல்ல இத்தனை வருடம் படித்தாரா என்று எரிச்சலாக வந்தது. கணவரிடம் சொல்லவில்லை. சூலூர்ப் பக்கம் விசைத்தறி உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறவர். என் மூக்கைப் பற்றிப் பட்டறை முழுக்கப் பெருமை பேசி வைத்திருப்பவர். அதைவிட, வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம்.

ஆபீசில் கண்ணை வைத்து ஒப்பேற்றினேன். இலையின் நிறம், சாற்றின் நிறம், நாக்கில் படும் துவர்ப்பு இவையெல்லாம் இன்னும் இருந்தன. மூக்கு சொல்ல வேண்டியதற்கு, எதிரே நிற்கும் மேலாளரின் முகம் இருந்தது. ருசி பார்ப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பெருந்துறைக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஆபீசைச் சுற்றிவந்த அந்தக் காய்ச்சல் எனக்கு முன்பே அவருக்கு வந்து போயிருந்தது. அவர் புருவம் சுருங்கினால் குறை, தலை ஆடினால் நல்ல சரக்கு என்று நானே ஒரு பாடம் போட்டுக்கொண்டேன். ஆனால் அவரும் அந்த நாட்களில் புதிதாக ஒரு பழக்கம் வைத்திருந்தார்.

"நீங்க மொதல்ல சொல்லுங்க," என்பார்.

"இல்லீங்க, நீங்க சொல்லுங்க."

"அட, சொல்லுங்க. உங்களுக்கு மீறியா?"

எங்கள் ஊரில் கல்யாணப் பந்தியில் உட்காருவதற்கே இப்படி நாலு தடவை உபசாரம் நடக்கும். வெளியாள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் மட்டும், என்னைச் சோதிக்கிறார், கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஒரு நாள் ஒரு கோப்பைக்கு அவர் புருவம் சுருங்கியது. "பூசணம்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். "ஆமாமுங்க," என்றார். அந்த லாட்டை ஒதுக்கி வைத்தோம். ஒரு சிறு விவசாயியின் தேயிலை அது. அன்று தப்பித்தேன் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

வீட்டில் என்னிடம் ஒரு பழைய சீனத் தேயிலை இருந்தது. இலையை ஆவியில் வாட்டி, வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். பழைய புளிக்கும் பழைய அரிசிக்கும் நம் வீடுகளில் இருக்கும் மதிப்பு அங்கே இதற்கு. வெளிநாட்டுக்கு அடிக்கடி போகும் ஒரு வியாபாரி கொடுத்தது. இருபது வயதுச் சரக்கு. முதன்முதலாகப் பிரித்தபோது மாமியார், "இதென்ன கண்ணு, வறட்டியாட்டம் இருக்குது?" என்று கேட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும். கோணி ஊசியால் ஓரத்தை நெம்பி ஒரு துண்டு எடுத்து, மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் இட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். மாமியாருக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. "சாறு பூரா கீழ போகுதே," என்பார். இரண்டாம் தண்ணீரில்தான் அது வாய் திறக்கும். மழை விட்ட மண், பழைய மரப்பெட்டி, கடைசியில் பேரீச்சம்பழம். பால் சேர்க்காமல், சின்னக் கிண்ணத்தில், ஒரே துண்டிலிருந்து ஏழெட்டு முறை வடித்துக் குடிக்கலாம். மற்ற தேயிலை எனக்குச் சம்பளம். இது ஒன்றுதான் சந்தோஷம்.

காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மாதம் அதைத் தொடவில்லை. எந்த வாசத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன் என்று நம்பியிருந்தேன். இதுவும் வராவிட்டால் அப்புறம் நம்புவதற்கு எதுவுமில்லை. ஒரு நாள் காலையில் பயத்தை விழுங்கிக்கொண்டு வடித்தேன். வெந்நீர்தான் தொண்டைக்குள் போனது. அதன்பின் தினமும் வீடு எழுவதற்கு முன்பே வடித்தேன், இன்று வரும் இன்று வரும் என்று. ஞாயிற்றுக்கிழமை கணவரும் கூட உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்தார். "எப்படி இருக்குதுங்க?" என்று அவர் முகத்தையே பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குது," என்றார். குடித்ததும் எழுந்து போய் வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காலை, துடியலூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சீப்புச் செவ்வாழையுடன் மேலாளர் வந்து நின்றார்.

"காச்சல் வந்தவங்களப் பாக்கோணும்னு நெனச்சு, ஒன்றரை மாசமாயிப்போச்சுங்க. அப்படியே அந்தப் பழைய டீயையும் ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போலாமுன்னு."

வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தத் தேயிலையைப் பற்றி நான் ஆபீசில் அடித்த தம்பட்டம் கொஞ்சமில்லை. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. முதல் தண்ணீரைக் கொட்டினேன். இரண்டாம் தண்ணீரை அவருக்கும் கணவருக்கும் ஊற்றி, நானும் ஒரு வாய் உறிஞ்சினேன். வழக்கம்போல வெந்நீர். நினைவில் இருந்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். மண்ணைச் சொன்னேன், மரப்பெட்டியைச் சொன்னேன். "கடைசியில பேரீச்சை வருதுங்களா?" என்று கேட்டேன்.

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"வருதுங்க. அருமைங்க," என்றார். இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தார். கணவர் தலையைக் குனிந்தபடி, மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்கில் முடித்தார். மேலாளர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வாரேனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிழைத்துவிட்டேன். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக முதுகு இளகியது.

அப்போதுதான் கோயிலுக்குப் போயிருந்த மாமியார் திரும்பினார். கிண்ணங்களை எடுக்கக் குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். "ஏங்கண்ணு, இதுல பூச்சி உருண்டை வாசம் கப்புன்னு அடிக்குது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கே புரிந்தது. வாயில் கை வைத்துக்கொண்டார். நான் காய்ச்சலில் கிடந்தபோது அடைமழை. சமையல் மேடையில் எறும்பு. "வெல ஒசந்த பொருளுன்னு சொன்னியே கண்ணு. நமுத்துப் போகுமேன்னு பீரோவுல பட்டுச் சேலைக்குள்ள சுத்தி வெச்சேன். மழ விட்டதும் எடுத்துப் பழைய எடத்துலயே வெச்சுப்போட்டேன்." பட்டுச் சேலைக்கு நடுவே பூச்சி உருண்டை போடாத பீரோ எங்கள் பக்கத்தில் கிடையாது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"போன ஞாயித்துக்கெழமையே தெரியும். நீயா மூஞ்சியச் சுளிப்பேன்னு பாத்தேன். நீ ரசிச்சுக் குடிச்சுப்போட்டு என் மூஞ்சியப் பாத்தே." தொண்டையைச் செருமினார். "எனக்குப் பயமாப் போச்சு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல." நான் அழுதேன். மாமியாரும் அழுதார். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டதில், இனி அதைத் தொடவே கூடாது என்றார். இருபது வயதுத் தேயிலை குப்பைக்குப் போனது.

அழுது முடித்த பிறகுதான் பெரிய பயம் வந்தது. மேலாளர் இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறார். அந்த மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா? மரியாதைக்கு விழுங்கியிருக்கிறார். நாளைக்கு ஆபீசில் கூப்பிட்டுக் கேட்பார். அவர் கேட்கும்வரை காத்திருக்கும் தைரியம் எனக்கில்லை. நானே போன் செய்தேன்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் காச்சலுக்கு அப்பறம் மூக்கு இல்லீங்க. அந்த டீயில பூச்சி உருண்டை வாசம் ஏறியிருந்துச்சுங்க. நீங்க மரியாதைக்குக் குடிச்சீங்க."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பூச்சி உருண்டைங்களா?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எனக்குத் தெரியலீங்களே."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டு மாசமாச்சுங்க. இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லிப்போடலாமுன்னுதான் வந்தேன். நீங்க மண்ணுங்கறீங்க, மரப்பெட்டிங்கறீங்க. அதுக்கு மேல எனக்கு வாய் வரலீங்க." மூச்சு வாங்கினார். "ஏனுங்க, அப்ப அந்தப் பூசணம்?"

"நீங்க புருவத்தச் சுருக்குனீங்க. அதப் பாத்துத்தானுங்க சொன்னேன்."

"நான் ஒண்ணும் தெரியலியேன்னு சுருக்குனேனுங்க."

போனை வைத்தேன். ஒன்றரை மாதமாக அந்த மேசையில் வந்த ஒவ்வொரு கோப்பையும் என் கண் முன்னால் வந்தது. என் வேலை போவதைப் பற்றி இத்தனை நாள் பயந்த எனக்கு, இலை பறித்துக் கொடுத்துவிட்டு எங்கள் வார்த்தைக்குக் காத்திருந்தவர்களின் நினைவு அப்போதுதான் வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, ஒதுக்கிய லாட்டின் மாதிரியை, வேறு ஆள் ருசி பார்ப்பதற்காகத் தனியே எடுத்து வைக்கச் சொன்னோம். பிறகு உண்மையைச் சொல்ல முதலாளியின் அறைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். கதவருகே மேலாளர் நின்றுவிட்டார். சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு அவருக்கு வியர்த்திருந்தது.

"நீங்க மொதல்ல போங்க," என்றார்.

உபசாரத்துக்கு மறுக்க வேண்டிய இடம் அது. நான் மறுக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.