மூன்று மூன்று என்று சொன்ன மனிதன்

நாரின் நகரப் பேருந்து நிலையத்தில் நூரிலாவின் குரலைக் கேட்காமல் யாரும் வண்டி ஏறியதில்லை. இருபத்தாறு வருடமாக ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள். ஞாயிறு காலை அதே குரல் அவளுடைய ஐந்தாம் மாடி வீட்டிலிருந்து, பொழுதுபோக்காக ஊர் ஊராகப் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலியில் போகும். கூரையில் ஆண்டெனா, மேஜையில் பேசவும் கேட்கவும் ஒரு பழைய வானொலிப் பெட்டி, பக்கத்தில் உப்புப் போட்ட பால் தேநீர். தலாஸ், கொச்கோர், அல்மாட்டி என்று ஏழெட்டு ஊர்க்காரர்கள் கூடி வம்பளப்பார்கள். கணவன் போன பிறகு அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வாரம் முழுவதற்கும் தெம்பு.

இந்தக் குளிர்காலத்தில் அதற்கும் கேடு வந்தது. தொண்டை வற்றக் கூப்பிட்டால் ஒருவரோ இருவரோ பதில் சொல்வார்கள். அவர்களும் "அஞ்சு ஒம்போது, எஜே!" என்பதோடு காணாமல் போய்விடுவார்கள். எஜே என்றால் அக்கா. ஐந்து ஒன்பது என்றால் கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது. கணீரென்று கேட்டும் பேச மாட்டேன் என்றால் என்ன பொருள்? தன்மேல் எல்லோருக்கும் சலித்துவிட்டது என்று நூரிலா முடிவு கட்டினாள். பெட்டியில் அலையின் பலம் காட்டும் முள் தள்ளாடியதைக் கண்டும், "அதுக்கும் வயசாச்சு" என்று விட்டுவிட்டாள். மார்ச் பிறந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவது என்று இருந்தாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிறன்று இரைச்சலுக்கு நடுவே வானொலியில் ரவ்ஷன் குறுக்கே வந்தான். ஓஷ் நகரத்துக் கடிகாரம் பழுதுபார்ப்பவன், வாயைத் திறந்தால் வம்பு. ஓஷ்காரர்கள் பேசினால் கேரட் கூவி விற்பதுபோல் இருக்கிறது என்று அவள் சொன்னதிலிருந்து இருவருக்கும் இரண்டு வருட முறைப்பு.

"ஓபா, மூணு மூணு! தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்தா பேசுறீங்க?" உஸ்பெக்குகளுக்கு அக்கா ஓபாதான். மூன்று மூன்று என்றால் பாதிதான் புரிகிறது என்று அர்த்தம்.

"மத்தவங்கல்லாம் அஞ்சு ஒம்போதுன்னாங்களே!"

"அவங்க மரியாதக்காரங்க. செத்தவன் கூப்பிட்டாக்கூட அஞ்சு ஒம்போதுதான் குடுப்பாங்க. ஆண்டெனா கேபிள் முனையில கனெக்டரப் பாருங்க. அடிக்கடி கழட்டுறதுண்டா?"

தினமும் கழற்றினாள். பதினோரு வருடத்துக்கு முன் எதிர்க் கட்டடத்து ஆண்டெனாவில் இடி விழுந்தது. அன்றிலிருந்து பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றி, முனையை ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு வைப்பாள். ஆசைக்கு அதைத் தினமும் காலையில் ஒருமுறை மாட்டிப் பார்ப்பதும் உண்டு. பனி கொட்டும் மாதத்தில் இடி ஏது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கனெக்டரும் சந்தையில் பொறுக்கிய பளபளப்புச் சரக்கு. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முலாம் உரிந்திருந்தது. மரை தேய்ந்து, திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியின் துளைக்குள், கனெக்டரின் நடு ஊசியைக் கவ்விப் பிடிக்க வேண்டிய தகடு வாயைப் பிளந்து நின்றது. அக்கறை காட்டிக் காட்டியே கெடுத்திருக்கிறாள்! அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும் ரவ்ஷனிடம் ஒப்புக்கொண்டாள்.

பத்து நாளில் ஓட்டுநர்கள் கைமாறி ஒரு தீப்பெட்டி பேருந்து நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. உள்ளே புதுக் கனெக்டரும், பெட்டியில் பொருத்த அதற்கு ஜோடியான சாக்கெட்டும். வெள்ளி முலாம் பூசியது என்றாலும் அழுக்கு நிறம், பார்க்க ஒன்றுமில்லை. கூடவே ரவ்ஷனின் சீட்டு: "மாட்டிய பிறகு சும்மா இருக்கவும்." திட்டிக்கொண்டே இரண்டையும் அவளே ஈயம் வைத்துப் பற்றவைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வாய் திறந்ததுதான் தாமதம், பெட்டி அலறியது.

"எஜே! நீங்களா?" தலாஸ் ஆசிரியை கலிச்சாவின் குரல். "அஞ்சு மாசமா வாராவாரம் கூப்பிடுறோம், நீங்க திரும்பியே பாக்கல! எங்கமேல கோவம்னு நெனச்சோம். என்ன தப்புப் பண்ணோம்னு ரெண்டு தடவ கூடிப் பேசிட்டோம்!"

"அந்த அஞ்சு ஒம்போதுக்கு மேல எனக்கு ஒண்ணுமே கேக்கலடி! எதுக்கு அப்படிச் சொன்னே?"

"நீங்க ஏற்கனவே கோவமா இருக்கீங்க. அதுல மூணு மூணுன்னு வேற சொல்லவா?"

நூரிலா பதில் சொல்லப் பேசும் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியிருக்கும்வரை அவள் பக்கத்துச் சத்தமெல்லாம் அங்கே போகும்; விரலை எடுக்க மறந்துபோனாள். கடைசியில் அவள் விரலை எடுத்தபோது, கலிச்சா மெதுவாகக் கேட்டாள்.

"எஜே, அழுவுறீங்களா?"

"கேக்குதா?"

"நல்லாவே கேக்குது, எஜே."