தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

பன்னிரண்டு வருடம் அவள் காலர் மட்டும் தைத்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டை அவளிடம் கழுத்தாக வரும், கழுத்தாகவே போகும். கை அடுத்த வரிசையில், பொத்தான் அதற்கும் அடுத்த வரிசையில். தெருவில் எதிரே வருகிறவர்களை முகத்துக்குக் கீழே பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. காலரக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டாள். முதல் தடவையாக ஒரு முழுச் சட்டையைத் தைத்துக் கொடியில் மாட்டி, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சலூனைப் பூட்டிவிட்டு வந்த கணவன் வாசலிலேயே நின்று, "யாரு வந்திருக்கா?" என்றான்.

தையல் சேர்ந்தது. துணியும் சேர்ந்தது. தைக்க வேண்டியவை, தைத்து முடித்தவை, ஆள் வந்து வாங்காதவை எல்லாம் பின்பக்கத்துச் சின்ன அறையை அடைத்தன. ஒரு காலையில் கணவன் அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு. எனக்கு எப்ப கிடைக்கும்?"

அப்படியே ஓடியிருக்கும். ஆனால் கணவனின் அக்கா இவர்களோடு இருக்க வருவதாக ஆயிற்று. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனி ஆள். அவள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள்.

"அக்காவுக்குச் சின்ன ரூமைத்தான் குடுக்க முடியும். துணிக்கு வேற இடம் பாரு" என்றான் கணவன். "இல்லேன்னா மிஷினை வித்துட்டு நீ பழையபடி கம்பெனிக்குத்தான் போகணும். நான் என்னதான் பண்றது, சொல்லு."

"மறுபடியும் கழுத்தா?" என்றாள் காலரக்கா.

படுக்கையறையில், தூணுக்கும் மூலைக்கும் நடுவே சுவர் உள்வாங்கிய ஓர் இடம் சும்மா கிடந்தது. அதில் அலமாரி பொருத்தத் தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் கதவு, கைப்பிடி, பாலிஷ் என்று விரல் மடக்கி, ஒரு தொகையைச் சொன்னார். கணவன் தன் தலையைத் தடவிக்கொண்டான்.

"அண்ணே, ஊர்ல உள்ள தலையெல்லாம் மொட்டையடிச்சாலும் அவ்வளவு தேறாதே."

தச்சர் சிரித்துவிட்டார். "அப்ப என்னையும் விடுங்க, கதவையும் விடுங்க. சுவத்துல ரெண்டு பக்கமும் சட்டத்தைத் திருகி, மேல பலகையை வெச்சா தட்டு ஆச்சு. பலகையைக் கடையிலயே அறுத்துக் குடுப்பாங்க. அளவு மட்டும் பிசகாமக் குடுங்க."

"அளவெடுக்கிறதுதானே எனக்குத் தொழிலே" என்றாள் காலரக்கா.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள். இடுப்பு உயரத்தில் ஓர் அளவு. சரிபார்க்க இன்னொரு தடவை. பலகைகள் வந்தன. தச்சரிடம் இரவல் வாங்கிய டிரில்லால் கணவன் சுவரில் சட்டங்களைத் திருகினான். இருவரும் முதல் பலகையைத் தூக்கி வைத்தார்கள். போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். அடுத்ததும் போகவில்லை. எடுத்த அளவைவிட எல்லாப் பலகையும் ஓர் இஞ்ச் கூடுதல்.

காலரக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, தையலுக்கு விட்டுட்டேன்."

"என்னத்தை?"

"பக்கத்துக்கு அரை இஞ்ச். கை தானா எழுதிடுச்சு."

கணவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "மரத்தை மடிச்சுத் தைக்கப் போறியா?" அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "சரி விடு. எங்க தொழில்ல கூடுதலா இருந்தா வெட்டிக்கலாம். குறைஞ்சு போனாத்தான் ஆளைப் பாத்து முழிக்கணும்."

அந்த நேரம் பார்த்து, ஒருநாள் முன்னதாகவே, பெட்டியும் கையுமாக வந்து நின்றாள் அக்கா. கட்டிலில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தாள்.

"ஏண்டா, தங்க இடம் கேட்டா இப்படியாடா படுக்கை போடுவீங்க?"

விஷயத்தைச் சொன்னார்கள். அக்கா சிரித்து ஓய்ந்து, பலகை ஒன்றைத் தானே எடுத்துப் போய் வைத்துப் பார்த்தாள். "கீழ கொஞ்சம்தான் இடிக்குது. மேல போகப் போக நிறைய இடிக்குதே?"

காலரக்கா எழுந்து வந்து டேப்பைப் பிடித்தாள். சுவர் கீழே அகன்று மேலே குறுகியிருந்தது. நடுவில் தொப்பை வேறு. எடுத்த அளவுக்கே அறுத்திருந்தால் அடித்தட்டு இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கும்.

"இது சுவர் இல்ல அண்ணி, உடம்பு" என்றாள். அவள் குரல் மாறிவிட்டிருந்தது.

பழைய செய்தித்தாள்களை எடுத்தாள். ஒவ்வொரு தட்டு உயரத்திலும் தாளைச் சுவரோடு அழுத்தி, நகத்தால் கீறி மடித்துக் கத்தரித்தாள். பேப்பர் கட்டிங், ரவிக்கைக்கு வெட்டுவதுபோல. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அவற்றைப் பலகை மேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். கணவன் தச்சரின் ரம்பத்தையும் வாங்கி வந்து, வாசலில் முக்காலி மேல் பலகையை வைத்து அறுத்தான். பலகை ஆடியது. அக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"உன் வீட்டுக்கு வந்ததும் நல்ல வேலைதாண்டா குடுத்தே."

"ஆடாதேக்கா. கிருதா கோணலாப் போயிடும்."

இந்த முறை பலகைகள் முனகிக்கொண்டே உள்ளே போயின. ஒரு தாள் நுழைய இடமில்லை. சின்ன அறை காலியாயிற்று. கதவுக்குப் பணமில்லை. கெட்டி கான்வாஸில் திரை தைத்து, மேல் விளிம்பில் இரண்டு கூர்முனையோடு ஒரு காலரும் வைத்தாள். பொத்தான் போட்டால் அலமாரி மூடிக்கொள்ளும்.

"கம்பெனியை விட்டாலும் கழுத்தை விடமாட்டா" என்றான் கணவன்.

மறுநாள் அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து மிஷின்மேல் வைத்தாள். "எனக்கு வீட்டுல போட்டுக்க லூசா ஒரு கவுன். காலர் மட்டும் வேணாம்மா, புண்ணியமாப் போகும்."

"கையைத் தூக்குங்க அண்ணி" என்று டேப்பைச் சுற்றினாள் காலரக்கா.

சலூனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் வாசலில் திரும்பினான்.

"பெருசா வந்தா சொல்லுக்கா. ரம்பம் இன்னும் திருப்பிக் குடுக்கல."