புரியாமல் சொன்ன ‘வீ’

பெல்ஜியத்தில் சட்ட மேற்படிப்பு, பாடமெல்லாம் பிரெஞ்சில். பயந்துபோய், கிளம்புவதற்கு முன் கொடைக்கானல் பாதிரியார் பங்களாவின் சமையல்காரரைத் தேடிப் போனேன். ஸ்வெட்டருக்கு மேல் ஈர ஏப்ரன் கட்டியிருந்தார். பிரெஞ்சு பேசும் வெள்ளைக்கார ஃபாதர் எது சொன்னாலும் இவர் "வீ" என்பார்; பிரெஞ்சில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்.

"அண்ணே, புரியலேன்னா என்ன செய்யறது?"

"‘வீ’ன்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி. சோலிய விட்டு ஊருக்குப் போறேன்னு நின்னேன். ஃபாதர் என்னமோ கேட்டாரு. பயத்துல ‘வீ’ன்னுட்டேன். இருபது வருசமா இங்கனயே கெடக்கேன்."

"அப்படி என்னதான் கேட்டார்?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

பெல்ஜியம் போய்ச் சேர்ந்தபின், முதல் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேகமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. சமையல்காரரை நினைத்துப் பல்லைக் கடித்தேன். அதற்குள் "வீ" வெளியே வந்துவிட்டது.