இது நாடகமில்ல

போனில் அந்த அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோது எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்வராயன் மலையில் எங்கள் டிரஸ்ட் வேலை செய்கிற ஊர்களில் ஒன்றில் அவர் மகளிர் குழுத் தலைவி. வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்துப் போகவேண்டிய ஊர். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன்.

"நம்ம நாடகத்துல பொண்ணா நடிச்சிச்சே, அதுக்குத்தாங்க. நாளைக்குக் காலையில. நீங்க வராம இருப்பீங்களா?"

அந்த நாடகமே சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்காதீர்கள் என்று சொல்கிற நாடகம். எழுதியது நான். மணப்பெண்ணாக நடித்தவள் பத்தாம் வகுப்பு முடித்து பதினொன்றில் சேர்ந்திருந்த பெண். அவளுக்கு அப்பாவாக, கண்மையால் மீசை வரைந்து, தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடித்தது சாட்சாத் இந்த அக்காதான்.

நாடகத்தில் தாலி கட்டப்போகிற நேரத்தில் அவள் எழுந்து, மாலையைக் கழற்றி அப்பா கையில் கொடுத்து, "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்" என்பாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு திருதிருவென்று விழிப்பார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உடனே அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இது நாடகமில்ல. உங்க வூட்டு கத" என்பாள். கைத்தட்டல் அடங்க நேரமாகும். இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நான் தலைகால் புரியாமல் திரிந்தது சங்கராபுரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மலையில் அந்த வசனம் போட்ட போடு கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் எடுத்து வரச் சொன்னால் பிள்ளைகள், "எனக்கு இப்ப தண்ணி வேணாம், நான் படிக்கணும்" என்று ஓடும். கரியாலூர் டீக்கடையில் வடை வேண்டுமா என்று கேட்ட கடைக்காரரிடம் ஒரு பெரியவர், "எனக்கு இப்ப வட வேணாம், நான் படிக்கணும்" என்றதை என் காதாலேயே கேட்டேன். செய்தி மலை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது போனில் அதே அக்காவிடம், அவளுக்கு இன்னும் வயசு ஆகவில்லையே என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: தாய்மாமன் மகன்தான் மாப்பிள்ளை, சொந்தம் விட்டுப் போகக்கூடாதென்று அவள் அப்பா முடிவு செய்தது, பெண்ணும் சம்மதித்துவிட்டாளாம். நம் நாடகம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நாடகம் வேறங்க, இது வேறங்க" என்றார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

புகார் சொல்ல வேண்டிய நம்பருக்குச் சொன்னேன். காலையில் வண்டி வரும் என்றார்கள். நானும் முதல் பஸ்ஸில் ஏறினேன். ராத்திரி பெய்த மழையில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து கிடந்தது. பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு, மரத்தைத் தாண்டி, மேலேயிருந்து வந்து திரும்பிய ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். அதிகாரிகளின் வண்டி எங்கோ கீழே நின்றிருக்க வேண்டும். எங்கள் நாடகத்தில் போலீஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். எழுதியது நானாயிற்றே.

பந்தலில் அவள் மஞ்சள் புடவையில், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். குடகில் மிளகு பறிக்கப் போயிருந்தவர். நாங்கள் நாடகம் போட்ட காலமெல்லாம் அங்கேதான் இருந்தார். மகளுக்குப் புதுப்புடவை வாங்கிக்கொண்டு முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார். நான் நேரே அவள் அப்பாவிடம் போய் சட்டம், வயது, படிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்த முகத்தோடு, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அதற்குள் மேளம் வேகமெடுத்துவிட்டது.

அவள் எழுந்தாள். மாலையைக் கழற்றினாள். அப்பாவிடம் நீட்டினாள்.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்."

பந்தலே சிரித்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். மீசை வரைந்து நடித்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவள் மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். இன்னும் சிரித்தார்கள். நான் "சிரிக்காதீங்க" என்று கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது. கடைசியில் அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"இது நாடகமில்ல."

"உங்க வூட்டு கத" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் முடித்து வைத்தார்கள்.

அட பாவிகளா, அந்தப் பெண் வேறு எதைச் சொல்லுவாள்? அவள் சொல்லக்கூடியதையெல்லாம் நான் முன்கூட்டியே எழுதித் தீர்த்திருந்தேன். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஒரு சத்தமும் வரவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் அவள் அம்மா.

"ஏன் சிரிக்கிறீங்க? வேணான்னு சொல்றா. யாருக்கும் காது கேக்கலயா?"

அது நாடகத்து வசனம் என்று பக்கத்திலிருந்தவர்கள் விளக்கினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மகளின் முகத்தைத் திருப்பி, நிஜமாகவா சொல்கிறாய் என்று கேட்டார்.

"அப்பாகிட்ட அப்பவே சொன்னம்மா. வசனம் பேசாதன்னு சிரிச்சாரு."

மேளம் நின்றது. அம்மா தன் புருஷனை ஒருதரம் பார்த்தார். பொண்ணு சம்மதிச்சிட்டா என்று அவருக்குப் போனில் சொன்னது அந்த மனுஷன்தான். பிறகு தாலி இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவிடம், அதாவது தன் கூடப்பிறந்த அண்ணனிடம் போனார். "எம் பொண்ணு வேணாங்கறாண்ணா" என்றார். அண்ணன் தலை குனிந்தபடியே தட்டை வாங்கிக்கொண்டார். அதிகாரிகளின் வண்டி வந்து சேர்ந்தபோது பந்தலில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள்.

அம்மா மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு என்னையும் அந்த அக்காவையும் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

"இத இவ எல்லார் முன்னாலயும் சொல்லிக்கினு இருந்தாளா?"

"ஆமா. ஊர் ஊரா சொன்னா" என்றார் அக்கா.

"நீங்கல்லாம் இன்னா பண்ணீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

"கை தட்டனோம்."